பெட்டியும் ஓர் இஸ்திரிப் பெட்டியே

கப்பல் யாத்திரைக்குப் புறப்படும் ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துக்கொண்டு, ஐந்தாம் நாள் சிங்கப்பூருக்கே திரும்பி வருவதாக உத்தேசம். அவர், அவருடைய கணவர், மாமியார், இரண்டு குழந்தைகள் ஆக ஐந்து பேர். எல்லா ஏற்பாடுகளும் ஆகிவிட்டனவாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறதாம். கப்பல் கம்பெனியார் அனுப்பியிருக்கும் விலக்குப் பட்டியலில் கத்தி, மெழுகுவர்த்தி, வெந்நீர் போடும் மின்சாரச் சுருள் முதலியவற்றோடு இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்திருக்கிறது. "ஐந்து நாளும் கசங்கின துணியோடா நடமாடுவது? சின்னதாக ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கிப் பட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்கிறார் என் கணவர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

கணவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதே நம் பதில். குடும்பப் பத்திரிகைகள் இவ்வாறு பகிரங்கமாக உபதேசம் செய்வது வழக்கமில்லைதான். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் வேறு வழியில்லை. முதலாவதாக, யாருக்குத் தெரியப் போகிறது என்பதே தவறு. துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் எக்ஸ்ரே யந்திரத்துக்குள் செலுத்திப் பார்த்த பிறகே கப்பலுக்குள் அனுப்புகிறார்கள். பட்டுப் புடவை இரும்பை மறைக்காது. பெட்டியை நிறுத்தி, உடையவரை அழைத்து, நாலு பேர் பார்க்கத் திறக்கச் சொல்லி, இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, பிரயாண முடிவில் திருப்பிக் கொடுப்பார்கள். கசங்கின புடவையைக் காட்டிலும் இது பெரிய கௌரவக் குறைவு அல்லவா?

இரண்டாவது காரணந்தான் முக்கியமானது. கரையில் வீடு தீப்பற்றினால் தெருவுக்கு ஓடிவிடலாம். நடுக்கடலில் தெரு கிடையாது. 1934-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 8-ந் தேதி, ஹவானாவிலிருந்து நியூயார்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த "மாரோ காஸில்" என்னும் உல்லாசக் கப்பல், நியூஜெர்ஸிக் கரைக்குச் சமீபத்திலேயே தீப்பற்றி எரிந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தும், 130-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். இது பழைய கதை என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்லுவோம். 1998-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி, மியாமித் துறைமுகத்தை விட்டு "எக்ஸ்டஸி" என்னும் கப்பல் கிளம்பிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அதன் சலவைச்சாலையில் தீப்பிடித்தது. சிப்பந்திகள் சிலர் முறையான அனுமதியின்றி அங்கே உலோகம் பற்றவைக்கும் வேலை செய்தார்கள். அதிலிருந்து பறந்த பொறி, துணிகளிலிருந்து உதிர்ந்து காற்றுக் குழாய்களில் பல நாளாகப் படிந்திருந்த நூல்தூசியில் பட்டது. குழாய்களின் வழியாகவே நெருப்புக் கப்பலின் பின்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 2,500 பிரயாணிகள் இருந்த அந்தக் கப்பலில் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்பது பெரும் பாக்கியம். கேவலம் நூல்தூசி செய்த வேலை இது!

சாதாரண இஸ்திரிப் பெட்டி ஒன்று ஆயிரம் வாட்டோ அதற்கு மேலோ மின்சாரம் இழுக்கிறது. ஆயிரத்துக்கு மேல் அறைகள் உள்ள கப்பலில், மாலைச் சாப்பாட்டு வேளை நெருங்கும்போது, அறைக்கு ஒன்றாக அவை எல்லாம் காய்ந்துகொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். "டால்பின் மீன் துள்ளுகிறது, ஓடி வாருங்கள்!" என்று ஒரு குழந்தை கூவுகிறது. பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்து ஓடுகிறவர் ஆயிரத்தில் ஒருவராவது இருக்க மாட்டாரா? ஆகவேதான் கம்பெனியார் பிடிவாதமாயிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் எத்தனையோ காரியங்களை நாம் குறை சொல்லத் தயார். இதைக் குறை சொல்ல மாட்டோம்.

சில கப்பல்களில் பிரயாணிகள் தாமே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்வதற்குத் தனி அறை வைத்திருக்கிறார்கள். பல கப்பல்களில் அது கிடையாது. எல்லாவற்றிலும் காசு கொடுத்தால் இஸ்திரி போட்டுக் கொடுக்கச் சலவைச்சாலை உண்டு. ஒரு பட்டுப் புடவைக்கும் ஒரு கோட்டுக்கும் மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம். ஐந்து பேர் துணிக்கும் ஐந்து நாளும் செய்தால், அப்புறம் பினாங்கில் இளநீர் குடிக்கவும் கையில் காசு மிஞ்சாது. ஆகையால் துணி கசங்காமல் பெட்டி அடுக்குவது எப்படி என்று பார்ப்போம். இதற்குத் துணி ஏன் கசங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மடிப்பதனால் கசங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாஸ்தவத்தில் மடிப்பு ஒன்று மட்டும் எந்தத் துணியையும் கெடுத்துவிடாது. இஸ்திரி போடுகிறவர் என்ன செய்கிறார், கவனியுங்கள். துணியில் ஜலம் தெளிக்கிறார்; சூடான இரும்பால் அழுத்துகிறார்; அழுத்தினபடியே ஈரத்தை உலர்த்துகிறார். பருத்தி இழை என்பது, நுண்ணிய சங்கிலிகளைப் போன்ற அணுக்கோவைகள் பக்கத்தில் பக்கமாகப் படுத்து, ஒன்றையொன்று இலேசாகப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு கட்டு. ஈரம் புகுந்தால் அந்தப் பிடி தளர்கிறது. உலரும்போது, அந்தச் சமயத்தில் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடியும் பற்றிக்கொள்கின்றன. தட்டையாக வைத்து உலர்த்தினால் தட்டையாக நிற்கும். கோணலாக வைத்து உலர்த்தினால் கோணலாக நிற்கும். ஈரம், அழுத்தம், சூடு, நேரம் இவ்வளவுதான் இஸ்திரியின் இரகசியம்.

இப்போது நம் பிரயாணப் பெட்டியைப் பாருங்கள். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, குழந்தையை மேலே உட்கார வைத்துப் பூட்டுகிறோம். அழுத்தம் வந்துவிட்டது. துணிகளில் இயல்பாகவே ஈரம் உண்டு. வெயிலில் நின்ற டாக்ஸியின் பின்புறத்திலும் விமான நிலையத்துத் திறந்த வெளியிலும் சூடு கிடைக்கிறது. வீட்டில் பூட்டின நேரம் முதல் கப்பல் அறையில் திறக்கும் நேரம் வரையில் ஒரு முழு நாளுக்குக் குறையாது. ஆகவே நேரமும் இருக்கிறது. பிரயாணப் பெட்டியே ஓர் இஸ்திரிப் பெட்டிதான்! வித்தியாசம் என்னவென்றால், இஸ்திரிக்காரர் நேராக வைத்து அழுத்துகிறார். நாம் கோணல் மாணலாகத் திணித்துவிட்டு அழுத்துகிறோம். பெட்டி தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. கப்பலில் திறந்து பார்க்கும்போது, நாம் எவ்வாறு வைத்தோமோ அவ்வாறே மிகவும் சிரத்தையாக இஸ்திரி ஆகியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். ஈரத்தைக் குறைக்க வேண்டும். கூர்மையாக மடங்க விடக்கூடாது. அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவும்படி செய்ய வேண்டும். பெட்டியைச் சீக்கிரம் திறக்க வேண்டும். இந்நான்கில் நம் குடும்பங்களில் அடியோடு கவனியாமல் விடப்படுவது முதலாவதுதான்.

நன்றாய் உலர்ந்துவிட்டதாகக் கைக்குத் தோன்றும் பருத்தித் துணியிலும், சாதாரணக் காற்றில் அதன் எடையில் நூற்றுக்குச் சுமார் 8 பங்கு ஈரம் இருக்கிறது. பாலியெஸ்டரில் அரைப் பங்குகூட இல்லை; அதனால்தான் அது கசங்குவதில்லை. கம்பளியில் பருத்தியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரம் உண்டு. ஆனால் அதன் இழை வில் சுருளைப் போல் அமைந்திருப்பதால், தொங்கவிட்டால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். ஆளிச் செடியின் நாரால் நெய்த லினன் துணியோ பார்வைக்குக் கம்பீரம். உட்கார்ந்து எழுந்தால் போதும், பழைய காகிதம் போலாகிவிடும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுவதும் நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்கிறது. சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல என்றாலும், பெட்டியை அங்கே அடிக்கடி திறந்து மூடினால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் எல்லாம் பாலியெஸ்டராகவே எடுத்துப் போய்விட்டால் தொல்லை தீர்ந்ததே!" என்று சிலர் சொல்லக்கூடும். தீரும், ஆனால் பூமத்தியரேகைக்குச் சமீபத்தில் வியர்வையை உறிஞ்சாத துணியைக் கட்டிக்கொண்டு கோயிலும் கடைத்தெருவும் சுற்றிப் பார்த்தால், வேறு தொல்லை ஆரம்பமாகும். பருத்தியையே கசங்காததாகச் செய்யும் வித்தையும் வந்திருக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகாவைச் சேர்ந்த நியூ ஆர்லியன்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் ரூத் பெனெரிட்டோ என்னும் பெண்மணியும் அவருடன் உழைத்தவர்களும், 1950-ஆம் வருஷத்தை அடுத்த காலத்தில், பருத்தியின் அணுச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டாற்போல் பிணைத்துவிடும் முறைகளைக் கண்டுபிடித்தார்கள். இஸ்திரி வேண்டாத சட்டைகள் கடைக்கு வந்ததில் இந்த அம்மையாருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவ்வாறு பிணைக்கப்பட்ட பருத்தி, சாதாரணப் பருத்தியைவிடச் சற்று பலம் குறைந்தது, சீக்கிரம் கிழியும். புருஷர்களுக்கு அத்தகைய சட்டை இரண்டு எடுத்துக்கொள்வதில் ஆட்சேபமில்லை. கைத்தறிப் புடவையும் கதரும் உடுத்திப் பழகினவர்கள் அவற்றையே எடுத்துச் செல்லட்டும். கதர் கசங்கும் என்பது மெய்யே. கசங்கின கதருக்கு ஒரு கம்பீரம் உண்டு என்று சில தேசபக்தர்கள் சொல்வதை மட்டும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. அது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானம்.

பிரயாணத்துக்கு எடுத்துப் போகும் பருத்திப் புடவைக்கு வழக்கம் போல் மொடமொடவென்று கஞ்சி போட வேண்டாம். கஞ்சி, துணியை நிமிர்த்தி நிறுத்துவது போலவே மடிப்பையும் கத்திமுனை போல் நிறுத்திவிடும். இலேசான கஞ்சி போதும். கஞ்சியே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. அடுத்தபடி, இஸ்திரி போட்டுச் சூடு ஆறாத துணியை உடனே மடித்துப் பெட்டியில் வைக்கக்கூடாது. அதில் ஈரமும் சூடும் இன்னும் பாக்கியிருக்கின்றன. மேலே இரண்டு துணி ஏறினால், நாம் வேண்டாத இடத்தில் இஸ்திரி நடந்துவிடும். புறப்படுவதற்கு முதல் நாளே இஸ்திரி போட்டு வாங்கி, இரவு முழுவதும் கொடியிலோ மரச் சட்டத்திலோ தொங்கவிட்டு, நன்றாய் ஆறின பிறகு அடுக்குங்கள். இஸ்திரிக்காரரிடம் துணி கொடுக்கும்போது பெட்டியின் நீள அகலத்தையும் ஒரு நூலில் அளந்து கொடுத்துவிடுவது நம் அநுபவத்தில் மிகவும் சௌகரியமானது. அந்த அளவுக்கு ஏற்றபடி அவர் மடித்துக் கொடுத்துவிடுவார். பெட்டிக்குள் நுழைப்பதற்காக நாம் மறுபடியும் மடிக்கும் இரண்டாவது மடிப்பே பாதிக் கசங்கலுக்குக் காரணம்.

இங்கே நம் நாட்டு உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோளும் கழுத்துப் பட்டையும் உள்ள மேனாட்டுக் கோட்டைத் தட்டையாக மடிக்க எவராலும் முடியாது. அது மனிதன் உருவத்துக்கு வெட்டித் தைத்தது. புடவையும் வேஷ்டியும் தைக்காத நீண்ட சதுரங்கள். எவ்வளவு மடித்தாலும் ஓரத்தோடு ஓரம் ஒட்டித் தட்டையாகவே நிற்கும். கட்டும்போதும் கொசுவத்தில் பாதி மடிப்பு மறைந்துவிடும். வேஷ்டிக்கு மடிப்புக் கோடு அழகேயன்றிக் குறையல்ல. தமிழில் மடிப்பு வேறு, கசங்கல் வேறு. முன்னது ஒழுங்கு, பின்னது அலங்கோலம். யாத்திரைக்கு என்றே யோசித்து உண்டாக்கினாலும் இவற்றைவிடச் சிறந்த உடையை உண்டாக்க முடியுமா என்பது சந்தேகந்தான்.

பட்டுப் புடவை விஷயத்தில் மட்டும் அதிக ஜாக்கிரதை வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன் முலாம் பூசியது. நூல் வளையும், உலோகம் ஓரளவுக்குத்தான் வளையும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் சரிகை அறுந்து, அந்தக் கோட்டில் புடவையே கிழிய ஆரம்பிக்கும். பீரோவில் எந்த மடிப்பில் இருந்ததோ அதை மாற்றி வேறு மடிப்பாக மடியுங்கள். பழைய மல் வேஷ்டித் துண்டைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்பின் உட்புறத்திலும் ஒரு திண்டு போல் வைத்தால், மடிப்புக் கூர்மையாகாமல் வளைவாக நிற்கும். செய்தித்தாளை வைக்காதீர்கள், மை ஒட்டும். (பத்திரிகை நடத்துகிறவர்களே இதைச் சொல்வதிலிருந்து எங்கள் நேர்மையை நேயர்கள் தெரிந்துகொள்ளலாம்.) முழுப் புடவையையும் ஒரு பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். மேலே வேறெதையும் ஏற்ற வேண்டாம்.

சட்டை, கால்சட்டைகளை ஒவ்வொன்றாய்த் தனித்தனியே மடித்து அடுக்குவதைவிட, ஒன்றை ஒன்றுக்குத் திண்டாக்கும் முறை நல்லது. கால்சட்டையின் இடுப்புப் பாகத்தைப் பெட்டிக்குள் வைத்து, கால்களை வெளியே தொங்கவிடுங்கள். அதன்மேல் சட்டைகள், குழந்தைகளின் பாவாடைகள் இவற்றை வையுங்கள். பிறகு வெளியே தொங்கும் கால்களை எடுத்து அவற்றின்மேல் போர்த்துங்கள். கால்சட்டை மடங்குகிற இடத்தில் ஒரு கைப்பிடி உயரத்துக்கு மற்றத் துணிகள் இருப்பதால் கோடு விழ வழியில்லை. சட்டையை மடிக்கும்போது மேற்படி மடிப்பு வயிற்றின் நடுவே விழாமல், கால்சட்டைக்குள் மறையும் கீழ்ப்பாகத்தில் விழும்படி செய்வது புத்திசாலித்தனம். கோட்டு எடுத்துப் போவதாயின், ஒரு தோளை உட்புறம் வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்து, சலவைக்கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைக்கலாம். வழவழப்பான உறைக்குள் துணி ஓரிடத்தில் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் கசங்குவது குறைகிறது. ஆனால் கப்பலில் இறங்கின உடனே உறையைக் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைக்கும்.

எல்லாவற்றையும் சுருட்டி வைப்பதே சிறந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது. பனியன் துணி, குழந்தைகளின் இரவு உடை, முரட்டு ஜீன்ஸ் இவற்றுக்கு அது சரி. மெல்லிய பருத்திப் புடவையையும் பட்டையும் இறுகச் சுருட்டினால், பெரிய மடிப்பு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய சுருக்கம் நூறு விழும்.

பெட்டி அரைகுறையாக இருந்தால் துணிகள் கீழே சரிந்து குவியும். பிதுங்கப் பிதுங்க இருந்தால் நசுங்கும். கப்பலுக்குப் போகும் பெட்டிகள் பெரும்பாலும் சக்கரத்தின்மேல் நின்றபடியே பல மணி நேரம் கழிப்பதால், செருப்பு முதலிய கனமானவை சக்கரத்தின் பக்கத்தில் இருக்கட்டும். இடைவெளிகளில் காலுறைகளையும் துண்டுகளையும் செருகி, ஆட்டினால் ஆடாதபடி செய்தால் போதும்.

பெட்டி உங்களோடு கூடவே கப்பலுக்குள் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, மாலையிலோ முன்னிரவிலோதான் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். 1888-ஆம் வருஷம் மகாத்மா காந்தி முதன் முதலாக இங்கிலாந்துக்குச் சென்றபோது நேர்ந்ததை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கப்பலில் கறுப்பு உடுப்பு அணிந்து வந்தவர், கரையிறங்குவதற்கென்று ஒரு வெள்ளை பிளானல் உடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, ஸௌதாம்ப்டனில் அதை அணிந்துகொண்டு இறங்கினாராம். பார்த்தால், அந்தச் செப்டம்பர் மாதக் கடைசியில் வெள்ளை உடுத்தினவர் அவர் ஒருவரே! மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, மற்றவர்களைப் பார்த்துப் பெட்டிகளைச் சாவியோடு ஒரு கம்பெனியாரின் ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமைக்கு முன் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வயது நிரம்பாத அந்த வாலிபருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆகையால், அன்று மாலை உடுத்த வேண்டிய துணி, மருந்து, குழந்தைகளின் மாற்றுடை இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் இதே சங்கடம் மறுபக்கத்திலிருந்து வரும். அநேகக் கப்பல்களில், இறங்குவதற்கு முந்தின இரவே பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்கிறார்கள். உற்சாகத்தில் சகலத்தையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, மறுநாள் காலையில் இரவு உடையோடு சுங்க அதிகாரி முன் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு துணி எடுத்துப் போவது? ஐந்து நாளுக்கு ஆளுக்குப் பத்து உடை என்று கணக்கிடுவதே கசங்கலின் மூல காரணம். 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்காக "ராஜபுதானா" கப்பலில் சென்ற காந்தியடிகள், தம்முடன் வந்தவர்கள் கொண்டுவந்திருந்த பெட்டிகளைப் பார்த்து மனம் வருந்தி, தேவைக்கு மிஞ்சினவற்றை ஏடன் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பச் செய்தார். உங்களைத் துறவியாகச் சொல்லவில்லை. பகலுக்கு மூன்று, மாலைக்கு இரண்டு, நீச்சல் குளத்துக்கு ஒன்று. இதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொன்றும் மற்றவற்றை நசுக்கத்தான் உதவும்.

மாலைக்கு இரண்டு என்றோமல்லவா? பல கப்பல்களில் ஏதேனும் ஓர் இரவு எல்லோரும் உயர்ந்த உடையில் விருந்துக்கு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கென்று கணவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் வாங்கியிருப்பதாகச் சகோதரி எழுதியிருக்கிறார். பட்டுக்கரை வேஷ்டியும் சட்டையும் போதாதா என்று கம்பெனியாரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் தவறில்லை. அவரவர் நாட்டு உடையைக் கௌரவ உடையாக ஏற்றுக்கொள்ளும் கப்பல்கள் பல உண்டு. சென்னையிலேயே 2014-ஆம் வருஷம், வேஷ்டி கட்டி வந்த ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப்பில் உள்ளே விட மறுத்து, அதனால் எழுந்த கிளர்ச்சியில் அதே வருஷம் தமிழ்நாட்டுச் சட்டசபை, வேஷ்டிக்குத் தடை விதிக்கக்கூடாதென்று சட்டமே செய்தது. அந்தச் சட்டம் மலாக்கா ஜலசந்தியில் செல்லாது. ஆனால் ஒரு கடிதம் செல்லும். பதில் சாதகமாக வந்தால், பெட்டியில் ஒரு கோட்டின் இடம் மிச்சம்.

அறைக்குள் பெட்டி வந்ததும் முதல் வேலை அதைத் திறப்பதுதான். கப்பலைச் சுற்றிப் பார்ப்பது அப்புறம். கப்பல் அறைகளின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனவை. ஆகையால் காந்தக் கொக்கிகள் நாலைந்து வாங்கிப் போனால், சட்டைகளைச் சுவரிலேயே மாட்டிவிடலாம். வெளித் தாழ்வாரத்துக் கம்பியில் மட்டும் துணி போடாதீர்கள். கப்பலில் அதற்கு அநுமதி கிடையாது, கடற்காற்றும் கொண்டுபோய்விடும். கம்பளிக் கோட்டையும் இலேசான செயற்கைப் பட்டையும் ஸ்நான அறையில் தொங்கவிட்டு, வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால், ஆவியில் பாதிச் சுருக்கம் போய்விடும். சரிகைப் பட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம். ஈரம் சரிகைக்கு ஆகாது.

பருத்திக்கு ஆவி மட்டும் போதாது, இழுப்பும் வேண்டும். இஸ்திரி என்ற சொல்லே, இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் ஒரு போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லுகிறார்கள். இந்த வித்தை சகோதரியின் மாமியாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் மடிப்புடவைக்கு இஸ்திரி ஏது? ஈரப் புடவையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, மூங்கில் கொடியில் ஓரம் பார்த்துப் போடுவார்கள். உலர்ந்து வரும்போது ஒரு சுருக்கம் இராது. அதே காரியத்தை அறையிலேயே செய்யலாம். புடவையை மாலையில் கட்டுவதாயிருந்தால், காலையில் அதன்மேல் இலேசாக ஜலம் தெளித்து, அறை சிறியதாகையால் நாலாக மடித்து, மாமியார் ஒரு முனையும் மருமகள் ஒரு முனையுமாகப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்து, ஹாங்கரில் போட்டுவிட்டு வெளியே போகலாம். திரும்பி வருவதற்குள் உலர்ந்திருக்கும். கணவரின் பருத்திச் சட்டைக்கும் இதுவே வைத்தியம். இஸ்திரிப் பெட்டியை ஒளித்து எடுத்துப் போகலாம் என்று யோசனை சொன்னவர் அவராகையால், அந்தச் சட்டையை அவரே ஒரு முனையில் பிடித்துக்கொள்ளட்டும்.

திரும்பும்போது, நீச்சல் உடைகளும் ஈரத் துண்டுகளும் உலர்ந்திராது. அவற்றை ரப்பர் உறையில் தனியே கட்டிக் கைப்பையில் போடுங்கள். உலர்ந்தவற்றோடு ஒரே பெட்டியில் வைத்தால், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்து சேருவதற்குள் பெட்டி மறுபடியும் இஸ்திரி போட ஆரம்பித்துவிடும்.